ஞாயிற்றுக்கிழமைத் துறவு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டைரி விற்கிற ஒருவர் இருக்கிறார். பழைய டைரி என்றால் யாரோ எழுதித் தீர்த்தது அல்ல. யாரும் எழுதாமலே ஆண்டைக் கடந்துவிட்டது. கம்பெனிகள் பொங்கலுக்குக் கொடுத்து மிஞ்சியவை மூட்டையாக எடைக்குப் போய், கடைசியில் ஒரு தார்ப்பாயில், புறாக்கூண்டுகளுக்கும் துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருக்கும். 2023 ஜனவரியில் அவரிடம் ஒன்று வாங்கினேன். நான் முதலில் கையில் எடுத்தது 2021. அவர் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, "அது கிழமை இடிக்கும்க்கா. பதினேழை எடுங்க. அந்த வருஷமும் இந்த வருஷமும் ஒண்ணு, அச்சு அசலா வரும்" என்றார். வீட்டுக்கு வந்து காலண்டரோடு வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஜனவரி ஒன்று ஞாயிறு. இரண்டும் லீப் வருஷம் இல்லை. டிசம்பர் 31 வரை ஒரு நாள் பிசகவில்லை. முப்பது ரூபாய்க்கு ஒரு முழு ஆண்டு.

முப்பத்தொரு வருஷமாகக் கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். வீடு சிட்லபாக்கத்தில். ஏறுவது தாம்பரம் சானடோரியத்தில், இறங்குவது பீச்சில். டைரியின் முன்பக்கத்திலிருந்து செய்ய வேண்டியதை எழுதுவேன். பின்பக்கத்திலிருந்து செய்ய நினைப்பதை. முன்பக்கம் தானாக நிரம்பும்: அத்தைக்குத் தைராய்டு மாத்திரை, ஈ.பி. கட்ட, மாநகராட்சிக்குச் சொத்துவரி, சம்ப் கழுவ ஆள், கேஸ், தங்கை பையனுக்கு மொய். பின்பக்கத்தில் அந்த ஆண்டு பதினோரு வரி எழுதினேன். திருவாசகத்தை உரையோடு முழுக்கப் படிக்க வேண்டும். ஒன்பது வயதில் கீதத்தோடு நின்றுபோன வயலினைத் திரும்ப எடுக்க வேண்டும். தபால் வழியில் சேர்ந்து இரண்டு தாள் பாக்கி வைத்த எம்.ஏ. வரலாற்றை முடிக்க வேண்டும். நீச்சல். தியாகராஜர் பாட்டை எழுத்துக் கூட்டியாவது வாசிக்கிற அளவுக்குத் தெலுங்கு. நான் கல்யாணமாகி வந்த 1996இல் சிட்லபாக்கம் ஏரி எப்படி இருந்தது என்று நாலு பக்கம் எழுதி வைக்க வேண்டும். மிச்ச ஐந்தையும் சொன்னால் சிரிப்பீர்கள்.

முன்னாலிருந்து ஒன்றும் பின்னாலிருந்து ஒன்றுமாக வந்துகொண்டிருந்தால் நடுவில் எங்காவது சந்தித்துக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு. டிசம்பரில் பார்த்தால் முன்பக்கம் டிசம்பருக்கு வந்திருந்தது. பின்பக்கம் அதே பதினோரு வரியில் நின்றது.

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை பயிற்சி வகுப்பு வைத்தார்கள். கோட்டு போட்ட ஒருவர் வெள்ளைப் பலகையில் சக்கரம் ஒன்று வரைந்து எட்டு ஆரம் போட்டார். குடும்பம், உடல்நலம், பணம், லட்சியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. எல்லா ஆரமும் ஒரே நீளத்தில் இருந்தால்தான் வண்டி குலுங்காமல் ஓடுமாம். "பேலன்ஸ் பண்ணணும் மேடம், பேலன்ஸ்!" என்று இரண்டு கையையும் தராசுத் தட்டு மாதிரி ஏற்றி இறக்கிக் காட்டினார். தட்டு இரண்டு தெரிந்தது. தராசைத் தூக்கிப் பிடிக்கிற கை யாருடையது என்பதை அவர் சொல்லவில்லை. அதைத்தான் நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தடத்தில் மின்சார வண்டி ஓட ஆரம்பித்தது 1931இல். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, அப்போது மீட்டர் கேஜ். அந்தத் தடத்தில் இன்று காலை எட்டு மணிப் பெண்கள் பெட்டியில் ஏறிப் பார்த்தவர்களுக்குச் சக்கரப் படம் வேண்டியதில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்கி மடியில் கொட்டிக் கட்டிக்கொண்டு வருவார்கள். மீனம்பாக்கம் வருவதற்குள் இரண்டு முழம் தேறும். கிண்டியில் இறங்குகிற அக்கா ஒருவர் பீன்ஸ் நறுக்கி டப்பாவில் போட்டு மூடுவார். அது சாயங்காலச் சமையலுக்கு. ஒரு மூலையில் நாலு பேர் லலிதா சகஸ்ரநாமம் சொல்வார்கள், மாம்பலத்தில் ஒருவர் இறங்கினாலும் நாமம் அறுபடாது. நின்றபடியே ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறுகையில் குரூப் ஃபோர் கைடு படிக்கிற பெண்கள் எப்போதும் உண்டு. 2025 ஏப்ரலில் ஏசி வண்டியும் விட்டார்கள். ஒருமுறை போனேன். பூ கட்டுகிறவர் யாரும் கண்ணில் படவில்லை, குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

குரோம்பேட்டையில் ஏறிய அப்படி ஒரு பெண் ஒருநாள் என் தோளைத் தட்டினாள். "ஆன்ட்டி, தனித்தமிழ் இயக்கம் எந்த வருஷம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு."

"தோற்றுவித்தவர் மறைமலை அடிகள். இயற்பெயர் வேதாசலம்," என்று அவளே முடித்துக்கொண்டாள். வண்டி பல்லாவரத்தில் நுழைந்துகொண்டிருந்தது. இந்த ஊரில்தான் அதெல்லாம் நடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். ஒரு மார்க்குக்கு அதற்கு மேல் நேரம் கொடுக்க முடியாதுதான்.

எனக்கு அவர் ஒரு மார்க் அல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மறைமலை அடிகள் நூல்நிலையம் லிங்கிச் செட்டித் தெருவில் இருந்தது. அவர் சேர்த்த சுமார் 4000 புத்தகங்களை அடிப்படையாக வைத்து 1958இல் திறந்தது. பின்னாளில்தான் எழும்பூருக்கு, கன்னிமாரா வளாகத்துக்கு மாறியது. மதிய இடைவேளையில் டப்பாவை அவசரமாகக் காலி செய்துவிட்டு அங்கே போய் இருபது நிமிஷம் உட்காருவேன். அங்கே அலமாரியில் அவர் புத்தகங்களின் முதுகை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாலே மூச்சு வாங்கும். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சி. சாகுந்தல மொழிபெயர்ப்பு. குமுதவல்லி, கோகிலாம்பாள் கடிதங்கள் என்று நாவல்கள். மாணிக்கவாசகர் காலத்தைப் பற்றி ஒரு பெரிய நூல். அதோடு நின்றாரா? மரணத்தின் பின் மனிதர் நிலை, யோகநித்திரை, தொலைவிலுணர்தல், மனித வசியம். மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை என்று நீண்ட ஆயுளுக்கு வழி சொல்லும் நூல் வேறு. (எழுதியவர் எழுபத்து நாலில் போய்விட்டார். 1876இல் பிறந்து 1950இல் மறைந்தார். இதைச் சொல்லிக் காட்டுவது அல்பம்தான், ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்த யாரும் இந்தக் கழித்தலைப் போடாமல் இருந்திருக்க முடியாது.) என் பதினோரு வரி அவர் முன்னால் ஒன்றுமே இல்லை.

இத்தனைக்கும் அவர் எங்களைப் போல ஒரு சம்பளக்காரர். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில், ஹைகோர்ட்டுக்கு எதிரில். அங்கே பதின்மூன்று வருஷம். அதற்கு நடுவில் 1902இல் ஞானசாகரம் என்ற இதழைத் தொடங்கினார், 1905இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் உருவாக முன்னின்றார், ஊர் ஊராகச் சொற்பொழிவுக்குப் போனார். பல்கலைக்கழகத்தில் தமிழ் கட்டாயப் பாடம் இல்லை என்று ஆனதும் 1911இல் வேலையை விட்டார். குடும்பத்தோடு பல்லாவரத்துக்குக் குடிவந்தார். இதில் ஒரு வேடிக்கை. அவர் விட்டு வந்த கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டுக் கிளம்பி, பல்லாவரத்தையும் தாண்டித் தாம்பரத்துக் காட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அதற்குள் அவருக்கு அறுபது கடந்துவிட்டது.

அந்த 1911இல் அவர் செய்த இன்னொரு காரியம்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆகஸ்ட் 27ஆம் தேதி அவர் துறவு பூண்டார். வயது முப்பத்தைந்து. துறவியாகி எங்கே போனார்? எங்கேயும் போகவில்லை. அதே பல்லாவரம் வீட்டில், மனைவி சௌந்தரவல்லி அம்மையாரோடும் பிள்ளைகளோடும் இருந்தார். அச்சுக்கூடம் வைத்தார், புரூஃப் பார்த்தார். சமரச சன்மார்க்க நிலையம் என்று ஒன்றை நிறுவினார். பிற்பாடு அதன் பெயர் பொதுநிலைக் கழகம் ஆனது. சம்பளம் நின்றுபோனதால் நூல் விற்பனையையும் சொற்பொழிவையும் நம்பி வீடு நடத்த வேண்டியிருந்தது. 1914இலும் 1917இலும் இலங்கைக்குப் போய்ப் பேசினார். துறவு என்றால் எல்லாவற்றையும் விடுவது என்றுதானே நாம் படித்தது? இவர் சம்பளத்தை மட்டும் விட்டார் போலிருக்கிறது.

2017 டைரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருநாள், 1911க்கும் இந்தக் கிழமைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எனக்கே ஆச்சரியம்: 1911 ஜனவரி ஒன்றும் ஞாயிறு, அதுவும் லீப் வருஷம் இல்லை. ஆக 1911, 2017, 2023 மூன்றுக்கும் ஒரே நாட்காட்டி. டைரியைப் புரட்டி ஆகஸ்ட் 27க்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை.

அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது இது: உளுந்து 2 கிலோ, அத்தைக்குக் கண் சொட்டு மருந்து, இஸ்திரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் துறவு பூணுவதை நினைத்து முதலில் சிரித்தேன். பிறகு பொறாமைப்பட்டேன். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும்: வீட்டிலேயே இருப்பேன், சாப்பாட்டு நேரத்துக்கு வருவேன், ஆனால் "அவங்க துறவி, எழுதறாங்க, தொந்தரவு பண்ணாதீங்க" என்று வாசலில் ஒருவர் சொல்லிவிட வேண்டும். பொறாமை அடங்கின பிறகுதான் அந்த வாசலில் நிற்கிற ஆளைப் பற்றி நினைப்பு வந்தது. துறவியின் வீட்டில் அன்றைக்கு உளுந்து வாங்கியது யார்? அடிகள் துறந்தபோது அந்த அம்மையார் எதையும் துறக்கவில்லை. துறந்திருந்தால் இவர் மறுநாளே குடும்பஸ்தராகியிருப்பார். அடிகளுக்குக் கல்யாணம் ஆனபோது வயது பதினேழு என்று வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆசை இருந்தது என்பது எவர் குறிப்பிலும் ஏறவில்லை. அடிகள் 1898 தொடங்கிச் சாகும் வரை ஐம்பத்திரண்டு வருஷம் நாட்குறிப்பு எழுதினார். தனித்தமிழின் தந்தை அதை எழுதியது ஆங்கிலத்தில். இதை ஒரு குற்றமாக நான் சொல்லவில்லை. கட்டுரைத் தமிழ் ஊருக்கு. நாள் கணக்கு தனக்கு. இரண்டுக்கும் ஒரே நாக்கு இருக்க வேண்டும் என்று கட்டாயமா? ஆனால் அதே வீட்டின் இன்னொரு பக்கத்து நாட்குறிப்பு நம்மிடம் இல்லை.

இந்த இடத்தில் அவரைக் கூண்டில் ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விடலாம். இன்றைக்கு அது சுலபம். என்னைத் தடுப்பது அதே வீட்டுத் தோட்டத்தில் 1916இல் நடந்த ஒன்று.

அன்றைக்கு அவர் மகள் நீலாம்பிகையோடு தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தார். பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. வள்ளலாரின் திருவருட்பாவிலிருந்து ஒரு பாடல் அவர்கள் வாயில். அதில் தேகம் என்ற சொல் வருகிறது. பாட்டை நிறுத்தி, இங்கே யாக்கை என்று இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மகளிடம் சொன்னார். அப்படியானால் இனி நாமே வடசொல் கலக்காமல் பேசவும் எழுதவும் செய்யலாமே என்று பேச்சு வளர்ந்தது. தனித்தமிழ் இயக்கத்தின் பிறப்பை இப்படித்தான் சொல்கிறார்கள். வேதாசலம் மறைமலை ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆனது. நீலாம்பிகை பின்னாளில் வடசொல் தமிழ் அகரவரிசை தொகுத்தார். தந்தைக்கு முன்பே மறைந்தும் போனார்.

எனக்கு இதில் இயக்கத்தைவிட உலாவல் முக்கியம். புத்தகம் சூழ்ந்த அறையில் உட்கார்ந்து இனி இப்படி என்று தீர்மானம் எழுதி நிறைவேற்றியதல்ல அது. பிள்ளையைச் சாயங்காலம் வெளியே கூட்டிப் போய்ப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற, எந்த அப்பாவும் செய்கிற, எந்த டைரியிலும் முன்பக்கத்தில் வருகிற வேலை. அதன் நடுவில் அவர் வாழ்க்கையில் மிக அதிகம் நிலைத்த ஒன்று வந்து விழுந்தது. பின்பக்கத்தில் வரி வரியாக எழுதி வைத்துச் செய்தவற்றின் கதையோ வேறு. ஞானசாகரம் மாதம் தவறாமல் வந்த இதழ் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொலைவிலுணர்தலை இன்று யார் படிக்கிறார்கள்?

திருவாசகமும் அப்படித்தான். என் பதினோரு வரியில் முதல் வரிக்காக அவருடைய திருவாசக விரிவுரையைத்தான் எடுத்தேன். வண்டியில் உட்கார இடம் கிடைக்கிற நாளில் மட்டும் என்று வைத்துக்கொண்டு, சானடோரியத்திலிருந்து கோட்டை வரை நாலு பக்கம், ஐந்து பக்கம். சிவபுராணத்துக்கே மாதக் கணக்கில் ஆயிற்று. ஒரு சொல்லைப் பிடித்தால் விடமாட்டார். சங்க நூலுக்குப் போவார், தாவர நூலுக்குப் போவார், எதிராளியோடு சண்டைக்குப் போவார். திருவாசகத்தில் 51 பகுதிகள். நான்காவதான போற்றித் திருவகவலை முடித்துப் பக்கத்தைத் திருப்பினேன். புத்தகம் முடிந்திருந்தது. அவர் உரை எழுதியது நான்குக்குத்தான். மிச்ச நாற்பத்தேழையும் அவர் எழுதவில்லை. நிஜமாகச் சொல்கிறேன், பழவந்தாங்கலுக்கும் பரங்கிமலைக்கும் நடுவில், பீன்ஸ் நறுக்குகிற அக்கா ஏறிட்டுப் பார்க்கும் அளவுக்கு வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு பெரிய மனிதர் என் அளவுக்கு இறங்கி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஐந்தாவதிலிருந்து உரை இல்லாமல்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

வேலையையும் வேட்கையையும் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் ராமானுஜனைத்தான் இழுப்பார்கள். பக்கத்தில்தானே துறைமுகம். 1912 மார்ச் ஒன்றில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் துறைமுக அலுவலகத்துக் குமாஸ்தா. 1913 ஜனவரியில் அந்த மேசையிலிருந்துதான் ஹார்டிக்குக் கடிதம். "பாத்தியா, ஃபைலும் பார்த்தான், கணக்கும் போட்டான்" என்பார் எங்கள் பழைய சூப்பரின்டெண்ட். பார்த்தது பதினாலு மாசம் சார் என்று சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. அதற்குள் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை கொடுத்து அவரை நாற்காலியிலிருந்து விடுவித்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் ஃபைல் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அவர் சாட்சி சொல்ல முடியாது. அவர் மனைவி ஜானகி அம்மாள், கணவர் போனபின் தையல் கற்று அதில் பிழைத்து, 1994 வரை இருந்தார். அந்தக் கணக்கை யாரும் பயிற்சி வகுப்பில் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்த ஆள் வேறு. அவரும் பல்லாவரத்துக்காரர்தான், ஒரே ஒரு நாளைக்கு. ராபர்ட் புரூஸ் ஃபூட், அரசாங்க நிலவியல் துறை அதிகாரி. அவர் சம்பளம் வாங்கியது பாறைகளை வரைபடத்தில் குறிக்க. 1863 மே 30ஆம் தேதி பல்லாவரம் மைதானத்துக்குப் பக்கத்துச் சரளைக் குழியில் ஒரு கல்லைப் பார்த்துக் குனிந்து எடுத்தார். மனிதக் கை கொத்திச் செதுக்கிய கல். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் குனிவிலிருந்து தொடங்கியது. அதன்பிறகும் இருபத்தெட்டு வருஷம் பாறை வரைபடம் போட்டு, 1891இல் ஓய்வு பெற்றார். பாறை பார்க்கப் போகிற வழியெல்லாம் கற்கருவி பொறுக்கினார். அந்தச் சேகரிப்பு இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில். கிழமைப் பைத்தியம் பிடித்துவிட்டதால் அதையும் பார்த்தேன். 1863 மே 30 சனிக்கிழமை. பல்லாவரத்தில் வெள்ளி சந்தை, சனி ஃபூட், ஞாயிறு அடிகள்.

வயலின் கதைக்கு வருகிறேன். பரணிலிருந்து இறக்கியபோது பிரிட்ஜ் சாய்ந்து, தந்தி இரண்டு அறுந்து கிடந்தது. சரி செய்து வாங்கி வந்து ஆறு மாசம் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வாசிக்க நேரம் இல்லை என்பதில்லை, நேரத்துக்கு இடம் இல்லை. எங்கள் வீட்டில் காலையில் சம்பிலிருந்து மேல் டாங்கிக்கு மோட்டார் போட்டால் நிரம்ப இருபத்தைந்து நிமிஷம். யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மறந்தால் மேலே வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் குரல் வரும். இருபத்தேழு வருஷம் அந்த இருபத்தைந்து நிமிஷமும் நான் சும்மா நின்றிருக்கிறேன் என்பது ஒருநாள் உறைத்தது. வயலினை எடுத்துக்கொண்டு போய் சம்ப் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மோட்டார் ஒரே சீராக ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கேட்கக் கேட்க அது சுருதி மாதிரி ஆயிற்று. எத்தனை கட்டை என்று வித்வான்கள் கேட்கக் கூடாது. மோட்டாரோடு சேர்த்து ஸட்ஜத்தைப் பிடித்து, சரளி வரிசையிலிருந்து தொடங்கினேன். வோல்டேஜ் இறங்கினால் சுருதியும் இறங்கும், நானும் இறங்குவேன்.

முதல் வாரத்தில் அத்தை உள்ளேயிருந்து கூப்பிட்டார். "தண்ணி ரொம்பிடுச்சு, நிறுத்தும்மா."

"எதை அத்தை?"

"ரெண்டையும்தான்."

இப்போது ஜண்டை வரிசை தாண்டி அலங்காரத்துக்கு வந்திருக்கிறேன். இட்லிக்கு அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே ஊறப்போட்டு, தனித்தனியே அரைத்து, கடைசியில் கையால் கலக்க வேண்டும் என்பார் என் அம்மா. கரண்டி போட்டால் பொங்காது. மோட்டார் அடியில் உட்கார்ந்திருக்கும்போது அது ஞாபகம் வரும். நீச்சலை அடித்துவிட்டேன். தெலுங்கையும். அடித்த அன்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, மறுநாள் இல்லை.

இவ்வளவு நேரம் சௌந்தரவல்லி அம்மையாருக்காகப் பேசினேனே, என் வாசலில் நிற்பது யார் என்று நான் கேட்டுக்கொள்ள வேண்டாமா? காலை ஆறு மணிக்கு முடிச்சூரிலிருந்து பஸ் பிடித்து ஒருத்தி வருகிறாள். பாத்திரம், பெருக்கல், துணி. அவள் வருவதால்தான் எனக்கு எட்டு மணி வண்டியும், அந்த வண்டியில் திருவாசகமும். பத்து வருஷமாக வருகிறவளிடம் போன வருஷம்தான் கேட்டேன், உனக்கு என்ன பண்ணணும்னு ஆசை என்று. சிரித்து மழுப்புவாள் என்று நினைத்தேன். தயாராக வைத்திருந்த மாதிரி பதில் வந்தது.

"ஸ்கூட்டி ஓட்டி லைசென்ஸ் எடுக்கணும்க்கா. எங்க அண்ணி கத்துத் தரேங்குது. ஞாயித்துக்கிழமை லீவு விட்டீங்கன்னா."

விட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம் இப்போது என்னுடையது. ஒத்தாசைக்கு வரச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, அவர் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து செய்கிறேன் என்றார். செய்கிறார், பத்து மணிக்கு மேல், காய்ந்துபோன தட்டுகளை. அதனால் ஞாயிறுகளில் மோட்டார் மட்டும் ஓடுகிறது, வயலின் ஓடுவதில்லை. அவள் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகும் ஞாயிறு லீவை நான் திருப்பிக் கேட்கவில்லை, அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த ஜனவரி ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டுச் சந்தைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் மூட்டையில் கைவிட்டுத் துழாவி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். 2015. "இருபத்தாறுக்கு இதான்க்கா. ஒரு பீஸ்தான் இருக்கு." புரட்டினேன். இது முழுக்க எழுதாதது அல்ல. ஜனவரி ஒன்றில் யாரோ நல்ல கையெழுத்தில், காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தார்கள். இரண்டாம் தேதியில் ஹிந்தி, யோகா. மூன்றாம் தேதியில் பால் இரண்டு பாக்கெட், தயிர் ஒன்று. நாலு, ஐந்து, ஆறு மூன்றிலும் பால் கணக்கு. ஏழிலிருந்து வெற்றுத் தாள். தாள்களின் அடி ஓரம் ஒரு விரற்கடை அளவுக்குப் பழுப்பேறி உப்பியிருந்தது. எந்தத் தண்ணீர் என்று தெரியாது. முடிச்சூர்ப் பக்கத்து வீடுகளில் 2015 டிசம்பரில் ஆள் உயரம் ஏறிய தண்ணீரை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

"எழுதின பக்கத்துக்கு அஞ்சு ரூபா குறைச்சுக்கலாம்க்கா," என்றார்.

குறைக்க வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். ஏழும் எட்டும் யாருக்கும் இல்லாமல் கிடந்தன. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்பதாம் தேதியை எடுத்து, முதல் வரியாக எழுதினேன்: மோட்டார் எரிந்துவிட்டது, காயில் கட்ட ஆள் சொல்ல.